அணிவகுப்பில் பேண்டு வாத்தியம்

போன வருடம் அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளிப் பேண்டில் அவள் சைடு டிரம் வாசிக்கிறாள். அன்று போட்டிக்கான ஒத்திகை. மைதானத்தின் இந்தக் கோடியில் நான்கு டிரம், அந்தக் கோடியில் நான்கு டிரம் என்று நிறுத்தி வாசிக்கச் சொன்னாராம் மாஸ்டர்.

"தாத்தா, நாங்க சரியாத்தான் அடிச்சோம். அந்தப் பக்கத்து அக்காக்களும் சரியாத்தான் அடிச்சாங்க. எல்லாரும் மாஸ்டர் கையைப் பார்த்துத்தான் அடிச்சோம். ஆனா சேரவே இல்லைன்னு மாஸ்டர் திட்டறார். அது எப்படி?"

நான் இரயில்வேயில் டீசல் எஞ்சினோடு காலம் தள்ளியவன். சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் இந்தக் கேள்விக்குச் சங்கீத ஞானம் தேவையில்லை. ஒரு வகுத்தல் கணக்கு போதும். காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கிலிருந்து தொடங்கி, கடந்த ஓராண்டில் இந்த பேண்டு விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நம்மில் பலருடைய குழந்தைகள் பள்ளி பேண்டில் இருக்கிறார்கள் அல்லது இருந்து விலகியிருக்கிறார்கள். விலகியவர்கள்தாம் அதிகம். அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. மைதானத்தில் இரண்டு டிரம் வரிசைகளுக்கு இடையே 30 மீட்டர் இருந்தால், தூரத்து டிரம்மின் ஒலி சுமார் 0.09 விநாடி தாமதித்து வரும். இது என்ன பெரிய தாமதம் என்று தோன்றும். அணிவகுப்பு நடை நிமிடத்துக்கு 120 அடி; அதாவது ஓர் அடிக்கு அரை விநாடி. அந்த அரை விநாடியில் 0.09 என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 'டக்' என்று ஒரே அடியாக விழ வேண்டியது 'ட-டக்' என்று இரண்டாக விழும். எல்லோரும் சரியாக அடித்தும் சேராமல் போன மர்மம் இதுதான்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. பின்னால் நிற்பவர்கள் மட்டும் மாஸ்டரின் கையைப் பார்க்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் கையைப் பார்க்காமல், பின்னாலிருந்து வரும் டிரம் ஒலி தம் காதில் விழும்போது அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அப்போது இரண்டு ஒலிகளும் சேர்ந்தே முன்னோக்கிச் சென்று பார்வையாளர்களைச் சேரும். மைதானத்தில் பரவி நின்று வாசிக்கும் பெரிய அணிகள் உலகமெங்கும் செய்வது இதைத்தான். பேத்தி திங்கட்கிழமை போய் இதைச் சொல்ல, மாஸ்டர் சிரித்துவிட்டு, "இதைத்தானே மூன்று வாரமாக 'கண்ணை விடு, காதைக் கொடு' என்று கத்திக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். கணக்கு போடாமலே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

இதே கணக்கைக் கர்தவ்ய பாதைக்கும் போட்டுப் பாருங்கள். (2022 செப்டம்பர் வரை ராஜபாதை.) பேண்டிலிருந்து 170 மீட்டர் பின்னால் வரும் அணிக்கு டிரம் ஒலி சரியாக அரை விநாடி தாமதமாக எட்டும். பேண்டு இடது காலில் அடிக்கும் பெரிய டிரம், அவர்களுக்கு வலது காலில் கேட்கும்! குடியரசு தினத்தன்று ஒரே பேண்டு முன்னால் போனால் போதாதா, இடையிடையே இத்தனை பேண்டுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பேண்டு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் பள்ளிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பித்தளை பேண்டு: டிரம்பெட், டிராம்போன், யூபோனியம், கூடவே கிளாரினெட், டிரம்கள். மற்றொன்று பைப் பேண்டு: தோல்பை வைத்த பாக்பைப்பும் டிரம்களும். பாக்பைப்பைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்குச் சுலபமான வழி நாகஸ்வரம். விரல் வைத்து வாசிக்கும் குழல் ஒன்று; தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் நம் ஒத்து மாதிரி இடைவிடாமல் சுருதி கொடுப்பவை. வாசிக்கும் குழலில் ஒன்பது ஸ்வரங்கள்தான். அந்த ஒத்தின் சுருதியை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் கிடைப்பது ஏறக்குறைய ஹரிகாம்போஜி. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் அடுக்ககத்தில் பாட்டு கற்பிக்கும் அம்மையார். நான் சரிபார்த்ததில் சரியாகவே இருக்கிறது.

தில்லிக்கு டிரம் புதிதல்ல. செங்கோட்டையில் நுழைந்ததும் எதிர்ப்படும் நௌபத் கானாவில் முகலாயர் காலத்தில் நாள்தோறும் ஐந்து வேளை முரசும் வாத்தியங்களும் முழங்கின. இன்று நாம் காணும் இராணுவ பேண்டு முறை ஆங்கிலேயர் கொண்டு வந்தது. ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' 1950-களின் தொடக்கத்தில் மேஜர் ராபர்ட்ஸ் என்ற இந்திய இராணுவ அதிகாரி வகுத்துக் கொடுத்தது. குடியரசான பிறகு அது இரண்டு முறைதான் ரத்தாகியிருக்கிறது. 2001-இல் குஜராத் பூகம்பம். 2009-இல் முன்னாள் குடியரசுத் தலைவர், நம் ஆர். வெங்கட்ராமன் அவர்கள் மறைவு. 2016-இல் சிதார், சந்தூர், தபலாவும் அந்த மேடையில் சேர்ந்தன. 2022-இல் ஆயிரம் ட்ரோன்கள் வானத்தில் ஒளிக்கோலம் போட்டன. அதே ஆண்டில், நெடுங்காலம் வாசிக்கப்பட்டு வந்த 'அபைட் வித் மீ' என்ற ஆங்கிலப் பாடல் நீக்கப்பட்டு, 'ஏ மேரே வதன் கே லோகோ' சேர்க்கப்பட்டது. வெளிநாட்டு மெட்டு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு; அந்த மணியோசையைக் கேட்காமல் மாலை முடிந்த மாதிரி இல்லை என்று வருந்தியவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்; ஆனால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஏனென்றால் இந்த 'நம் மெட்டு, அவர்கள் மெட்டு' வழக்கை இருநூறு வருடங்களுக்கு முன்பே நம் ஊரில் ஒருவர் வேறு விதமாகத் தீர்த்துவிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் படையின் பேண்டு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் அமைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவைதாம் நொட்டுஸ்வரங்கள். குழந்தைகள் பாட்டு வகுப்பில் முதலில் கற்கும் 'சக்தி ஸஹித கணபதிம்' அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுக்குக்கூட ஒரு சாஹித்யம் இருக்கிறது. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய வாத்தியங்களோடு ஒரு பேண்டு வைத்திருந்தார். நொட்டுஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரணம், கமகம் இல்லாதவை. ஆகவே டிரம்பெட்டிலும் கிளாரினெட்டிலும் அப்படியே வாசிக்கலாம். தில்லியில் நம் குழந்தைகள் நிறைந்த ஒரு பள்ளி பேண்டு நொட்டுஸ்வரம் வாசித்து நான் இதுவரை கேட்டதில்லை. ஏன் வாசிக்கவில்லை என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

இனி போட்டிக்கு வருவோம். கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து, குடியரசு தின விழாவின் ஒரு பகுதியாக, தேசியப் பள்ளி பேண்டுப் போட்டி நடத்துகின்றன. மாநிலச் சுற்று, மண்டலச் சுற்று, பிறகு தில்லியில் இறுதிச் சுற்று. மாணவர் பித்தளை பேண்டு, மாணவியர் பித்தளை பேண்டு, மாணவர் பைப் பேண்டு, மாணவியர் பைப் பேண்டு என நான்கு பிரிவுகள். 2025 ஜனவரி 24, 25 தேதிகளில் மேஜர் தியான்சந்த் தேசிய அரங்கில் நடந்த இறுதிச் சுற்றில் 16 அணிகள் வந்தன. முதல் பரிசு 21,000 ரூபாய். பணம் பெரிதல்ல, அந்த அரங்கில் நிற்பதுதான் பெரிது. அந்த ஆண்டு குடியரசு தின அணிவகுப்பில், குடியரசுத் தலைவர் மேடைக்கு எதிரே ஜார்க்கண்ட் மாநிலம் பட்டம்டா கஸ்தூர்பா பள்ளி மாணவிகளின் பைப் பேண்டு வாசித்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் தங்கிப் படிக்கும் வகைப் பள்ளி அது. தில்லியில் எத்தனையோ வசதியான பள்ளிகள் இருக்க, அவர்கள் எப்படி முன்னுக்கு வந்தார்கள் என்று பலர் வியந்தார்கள். எனக்குத் தோன்றுவது, அங்கே குழந்தைகள் வளாகத்திலேயே இருக்கிறார்கள். காலையும் மாலையும் பயிற்சி செய்ய முடியும். நம் குழந்தைகளுக்கு 2 மணிக்குப் பள்ளி பஸ், 4 மணிக்கு டியூஷன்.

போட்டி என்றால் உலகில் முதலில் பேசப்படுவது அமெரிக்கா. அங்கே 'டிரம் கோர்' என்று தனி அமைப்புகள் உண்டு. பித்தளை வாத்தியமும் டிரம்மும் கொடியாட்டமும் சேர்ந்தவை. 22 வயது வரை உள்ள இளைஞர்கள் கோடை விடுமுறை முழுவதும் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்ப் போட்டியிடுவார்கள். 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. மதிப்பெண் 100-இல் மொத்தத் தாக்கத்துக்கு 40, பார்வைக்கு 30, இசைக்கு 30. அதாவது எப்படி நடந்தார்கள், எப்படி உருவம் அமைத்தார்கள் என்பதற்கு இசைக்குச் சமமான மதிப்பு. நம் படை நடையில் ஓர் அடி 30 அங்குலம்; அவர்களுடைய வழக்கமான அடி, ஐந்து கஜத்துக்கு எட்டு, அதாவது 22 அரை அங்குலம். மைதானத்தின் கோடுகளோடு ஒத்துப்போவதற்காக அந்த அளவு. அங்கேயும் நிலைமை சுகமில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. 2020-இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை; 2021-இல் மதிப்பெண் இல்லாமல் வாசித்தார்கள். 1934-இல் தோன்றி, பத்து முறை பட்டம் வென்ற 'தி கேடட்ஸ்' என்ற அணி, வழக்குச் செலவுகளைத் தாங்க முடியாமல் 2024-இல் மூடப்பட்டது. பத்துக் கோப்பைகள் இருந்தும் நிற்க முடியவில்லை.

இங்கே நம் சிரமங்கள் வேறு. முதலாவது காற்று. போட்டிச் சுற்றுகளும் குடியரசு தின ஒத்திகையும் அக்டோபர் முதல் ஜனவரி வரை. தில்லியில் மூச்சு விடவே பயப்படும் மாதங்களும் அவையே. 2019 நவம்பரில் பள்ளிகள் மூடப்பட்டன. 2024 நவம்பரில் வகுப்புகள் கணினி வழிக்குப் போயின. வகுப்பைக் கணினியில் நடத்தலாம். பேண்டை நடத்த முடியாது. டிராம்போன் ஊதும் பிள்ளை சாதாரணமாக நிற்கும் பிள்ளையைவிட எவ்வளவு ஆழமாக மூச்சிழுக்கிறான் என்று பாருங்கள். காற்றின் தரம் 'மிக மோசம்' என்றால் மைதானப் பயிற்சியை நிறுத்தத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த நாள்களில் ரப்பர் திண்டில் டிரம் குச்சிப் பயிற்சி செய்யலாம். மூடிய அறையில் எட்டு டிரம்மை ஒன்றாக அடிக்க விடாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பட்டறைகளில் காதுக்கு வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அறைக்குள் டிரம் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். காதில் பஞ்சு போதாது. காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாவது குளிர். 20 டிகிரி அறையில் சுருதி சேர்த்த பித்தளை வாத்தியத்தை 5 டிகிரி காலையில் வெளியே கொண்டு போனால், உள்ளிருக்கும் காற்றில் ஒலியின் வேகம் குறைந்து சுருதி இறங்கும். கணக்குப்படி, ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய பாதி. ஊதுபவரின் வெதுவெதுப்பான மூச்சு உள்ளே போவதால் அவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் நான்கு வரி சும்மா நின்றால் மறுபடி குளிர்ந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் தம் முறை வருவதற்கு முன் ஓசையில்லாமல் வாத்தியத்துக்குள் ஊதிக்கொண்டே நிற்கிறார்கள்.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதை எங்கள் பேத்தியின் பள்ளியில் நேரில் பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தில்லியில் இப்படி எத்தனையோ.

போட்டியில் அவர்கள் மாநிலச் சுற்றைத் தாண்டவில்லை. மார்ச் மாதத்தோடு மாஸ்டரின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவர் இராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர்ப் பக்கத்துக்காரர், மணிக்கணக்கில் சம்பளம். ஜூலையில் பள்ளி திறந்ததும் பேண்டு அறை பூட்டியே இருந்தது. கோப்பை வராததால் பேண்டு எதற்கு என்று நிர்வாகத்தில் கேட்டார்களாம். பெற்றோர்களும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேருக்கு உள்ளூர நிம்மதி. என் மகளும் அதில் ஒருத்தி. "அப்பா, அடுத்த வருஷம் ஒன்பதாவது. எப்படியும் நிறுத்தத்தான் போறோம். தானா நின்னுடுச்சு, விடுங்க" என்றாள். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜை விளிம்பில் இரண்டு ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சுபேதாருக்குப் போன் செய்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. "ஐயா, பையன் ஊதக் கத்துக்க ஒரு வருஷம் போதும். பையனுக்குக் கத்துக் கொடுக்கறவனை உண்டாக்கப் பதினைஞ்சு வருஷம் ஆகும்." 1950-இல் தொடங்கிய பச்மரி இராணுவ இசைப் பயிற்சிப் பிரிவில் படித்து, படைப்பிரிவு பேண்டில் பல ஆண்டுகள் வாசித்து, நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்று வருபவர்களே நம் பள்ளிகளின் மாஸ்டர்கள். இப்போது கடற்படையிலும் விமானப் படையிலும் இசைக்கலைஞர்களை அக்னிவீர் முறையில் எடுக்கிறார்கள்: நான்கு ஆண்டு, அதன்பின் அதிகபட்சம் நான்கில் ஒருவருக்கே நிரந்தரம். படைக்கு அது ஏற்றதா என்று பேச நான் ஆளில்லை. பள்ளி மாஸ்டர் கிடைப்பாரா என்று மட்டும் கேட்கிறேன். நான்கு ஆண்டு ஊதியவர் நல்ல வாத்தியக்காரராக இருக்கலாம். முப்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் பயிற்சி அந்த நான்கு ஆண்டில் வருமா என்பது சந்தேகமே.

முதல்வரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேண்டு அறையைத் திறந்து பார்த்தேன். இரண்டு டிரம்பெட்டில் விசைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சைடு டிரம்களின் அடியில் இருக்கும் சுருள் கம்பிகள் தொங்கின. இறுக்கும் திருகுகளில் துரு. இரயில்வேயில் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாளுக்கு இன்ன சோதனை என்று அட்டவணை உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தேதியில் ஷெட்டுக்கு வர வேண்டும். இங்கே போட்டிக்கு முந்தின வாரம் துடைப்பதுதான் பராமரிப்பு. ஓய்வுபெற்றவன்தானே, நானே உட்கார்ந்தேன். உற்சாகத்தில் டிரம்பெட் விசைகளுக்கு மெஷின் எண்ணெய் போட்டுவிட்டேன். அது கெட்டி, விசை இன்னும் மந்தமாகிவிட்டது. சுபேதார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது எஞ்சின் இல்லைங்க ஐயா." வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய் போட வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார். சரிசெய்ய முடியாத ஒரு யூபோனியத்தை மீரட்டுக்கு எடுத்துப் போனோம். அங்கே ஜலி கோட்டிப் பகுதியில் தெருத் தெருவாகப் பித்தளை வாத்தியப் பட்டறைகள். 1885-இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனமும் அந்த ஊர்தான். நசுங்கிய குழலை உள்ளே எஃகுக் குண்டு விட்டு நிமிர்த்திய விதத்தை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அந்த இளைஞர் டிப்ளமோ படித்தவரில்லை. கை அவ்வளவு சுத்தம்.

பிறகு பதினோரு பெற்றோர்கள் சேர்ந்து முதல்வரைப் பார்த்தோம். நாங்கள் கேட்டது கோப்பையைப் பற்றி அல்ல. மாஸ்டருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், வாத்தியங்களுக்கு மாதப் பராமரிப்புச் செலவு, வாரத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. இவை மூன்றும் இருந்தால் போட்டிக்குப் போனாலும் போகாவிட்டாலும் பேண்டு இருக்கும். இவை இல்லாமல் போட்டிக்கு மட்டும் ஆள் சேர்த்தால், தோற்ற வருடமே பேண்டு செத்துவிடும். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். பாதிச் செலவைப் பள்ளி ஏற்கிறது. பாதியைப் பெற்றோர் ஏற்கிறோம். வரும் மார்ச் வரை ஏற்பாடு. அதற்குப் பிறகு மறுபடி பேச வேண்டும். பன்னிரண்டு மாதம் கேட்டதற்கு எட்டு மாதம் கிடைத்தது.

பராமரிப்பு அட்டையை நான் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். திங்கள் விசை எண்ணெய். மாதம் ஒரு முறை முழுக் கழுவல். டிரம் திருகுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கையெழுத்துப் போட வேண்டியது குழந்தைகள்தாம், நான் அல்ல. இரண்டு வாரம் யாரும் போடவில்லை. மூன்றாவது வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லா வாரத்துக்கும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தான். ஷெட்டிலும் இப்படி நடந்ததுண்டு; ஆகையால் கோபம் வரவில்லை. அவனையே பொறுப்பாளனாக்கிவிட்டோம்.

மகள் இன்னும் சம்மதிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த பிறகு சொல்கிறேன் என்கிறாள். பேத்தி இப்போது பின்வரிசைக்கு மாறியிருக்கிறாள். "இனிமே முன்னாடி நிக்கறவங்கதான் என்னைக் கேட்டு அடிக்கணும், தாத்தா" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்கு அலாரம் வைக்கிறாள், காலை ஐந்தரைக்கு.